நாலாவது தினுசு

இந்தக் காலத்து ஆட்களிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒருத்தனும் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை. கொத்தனார் என்றால் கொத்தனார், டிரைவர் என்றால் டிரைவர் என்று பேச்சு அதோடு முடிய வேண்டாமா? எதிர்வீட்டு ராஜ்கமலைக் கேட்டால் 'சப்போர்ட்ல இருக்கேன்' என்கிறான். யாருக்கு முட்டுக் கொடுக்கிறாய் என்றால் சிரிக்கிறான். அவன் தங்கச்சி துர்காவைக் கேட்டால் 'கன்டென்ட் பண்றேன் தாத்தா' என்கிறாள். பண்ணினதைக் கொண்டுவந்து காட்டு என்றால் போனைக் காட்டுகிறாள். போனில் அவளே ஆடிக்கொண்டிருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் தறி ஓட்டிய கலியபெருமாளுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். வேலை என்றால் சாயங்காலம் மடித்து அடுக்கிப் பார்க்கும்படி ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவர் வீட்டு மாடியிலேயே இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒருத்தன் வந்து குடியேறினான்.

வீடு முதலியார்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்தில். கதவு எண் 7-அ. நகராட்சிக்காரர்கள் கொடுத்தது என்னவோ எட்டுதான். கலியபெருமாளுக்கும் எட்டுக்கும் ஆகாது. எட்டாம் நம்பர் தறியில் நிற்கவைத்த வாரமே கால் கட்டைவிரல் நசுங்கியது. எட்டாம் தேதி பார்த்து வாங்கிய மாடு கன்றே போடாமல் கிழண்டது. சனியனுடைய எண்ணைக் கதவில் தொங்கவிட்டுக்கொண்டு சோறு தின்ன முடியாது என்று தானே பிரஷ்ஷைத் தொட்டு 7-அ என்று எழுதிவிட்டார். தபால்காரர் ஆறு மாதம் திட்டினார், அப்புறம் பழகிவிட்டார்.

மாடியில் இருப்பவன் பெயர் ழான்-லூக். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரன் என்று நினைக்க வேண்டாம், நம் ஊர்க் கறுப்புதான். சொல்தா வீட்டுப் பேரன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பேரன் பிறந்ததும் படித்ததும் பிரான்ஸில். வயது முப்பத்தைந்து இருக்கும். தாத்தாவிடம் கற்ற தமிழ் என்பதால் வாய் நிறைய 'ஐயா', 'அம்மா' போட்டுப் பேசுவான். அக்டோபரில் வந்தான். ஆறு மாதம் போதும் என்றான். கலியபெருமாள் பெண்சாதி செல்வாம்பாளுக்கு அவன் கும்பிட்ட கும்பிடு பிடித்துப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

வந்தவன் சாப்பிடப் போவதைத் தவிர வெளியே போகவே இல்லை. காலையில் எழுந்தால் தரையில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்ப்பான். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வட்டமாக நடப்பான். நடந்துகொண்டே ஒரு விரலை ஆட்டுவான், எதிரே ஆள் நிற்பதைப் போல. போதாக்குறைக்குத் தீபாவளிக்குப் பூசிய புது பெயிண்டில் செலோ டேப் போட்டுத் தாள் தாளாக ஒட்டியிருந்தான். கலியபெருமாள் ஒரு நாள் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தேழு தாள்.

"தம்பி இன்னா வேலை பாக்குற?" என்று அன்றே கேட்டுவிட்டார்.

"எண்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன், ஐயா."

"எண்ணுக்கு இன்னா வந்துச்சு? நல்லாத்தான இருக்குது."

ழான்-லூக் அதற்குச் சந்தோஷப்பட்டுவிட்டான். உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். புள்ளிக்கு அப்புறம் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் எண்கள் உண்டு, அவற்றை ஒரு விதமாக உடைத்துக்கொண்டே போகலாம், உடைந்து விழும் துண்டுகளுக்கு ஒருவிதச் சராசரி எடுத்தால் அது கிட்டத்தட்ட எல்லா எண்ணுக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்றான்.

"எல்லாத்துக்கும்?"

"கிட்டத்தட்ட எல்லாத்துக்கும்."

"சரி. அப்படிப்பட்ட எண்ணு ஒண்ணைக் காட்டு."

ழான்-லூக் தலையைச் சொறிந்தான். "அதுதான் ஐயா கஷ்டம். இதுக்குன்னே ஜோடிச்சு செஞ்ச எண்ணு ஒண்ணு ரெண்டு இருக்கு. தானா கெடைக்கிற எண்ணுல, இந்தா இதுதான்னு கைவெச்சு நிரூபிக்க இதுவரைக்கும் யாராலயும் முடியல."

கலியபெருமாள் எழுந்துகொண்டார். "ஊர்ல கிட்டத்தட்ட எல்லாரும் யோக்கியன். ஆனா ஒருத்தனைக் காட்டுன்னா தெரியாது. இதுக்குப் பேரு ஆராய்ச்சி?"

ழான்-லூக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்ததோடு விடாமல் பேனாவை எடுத்து அதை ஒரு தாளில் எழுதியும் கொண்டான். அந்தத் தாளையும் சுவரில் ஒட்டினான். நாற்பத்தெட்டு.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனது. பிப்ரவரியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நிர்மலாதேவி என்ற பெண் மாடி காலியாகுமா என்று கேட்டு வந்தாள். என்ன வேலை என்றார். நர்ஸ் என்றாள். கலியபெருமாளுக்குக் காது குளிர்ந்தது. ஒரு வார்த்தை. ஊசி போடுகிறாள், கட்டுக் கட்டுகிறாள், சாயங்காலம் பார்த்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வா, முடிவாகச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படி ஏறிப் போய், "ஒண்ணாந்தேதி காலி பண்ணிடு தம்பி" என்றார்.

ழான்-லூக் சுவரைப் பார்த்தான். சுவர் முழுக்க இப்போது தாள்தான், பெயிண்டே தெரியவில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அவன் எழுதியனுப்பிய கட்டுரை ஒன்று திரும்பி வந்திருந்தது. பதினாறாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது, மார்ச் கடைசிக்குள் அடைத்து அனுப்பு, இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷ உழைப்பு. ஓட்டையை அடைக்கிற வழி பாதி சுவரில் இருந்தது, மீதி இன்னும் அவன் தலையில் வரவேயில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னான்.

"இதைப் பிச்சு எடுத்தா எது எதுக்கு அப்பறம்னு எனக்கே தெரியாது ஐயா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி நானே போயிடறேன். ஒரே ஒரு மாசம்."

"ஒரு மாசம் இன்னா பண்ணுவ? படுத்துக்கிட்டு மேல பாப்ப."

"உங்களுக்கு என்மேல நம்பிக்கையில்ல. அவ்ளோதான?"

"உன்மேல இல்ல, உன் வேலைமேல. கிட்டத்தட்டன்னு ஒரு வேலை கெடையாது. கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணைக் காட்டு. ஏப்ரல் வரைக்கும் இரு. யார் வேணாம்னா?"

செல்வாம்பாள் துணி காயப்போட மேலே வந்திருந்தாள். "சொல்லிட்டீங்க, நான் சாட்சி" என்றாள். கலியபெருமாளுக்கு வாயை விட்டது தெரிந்தது. ஆனால் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் முன்னால் பேச்சைத் திரும்ப வாங்க முடியாது.

ழான்-லூக் படியிறங்கிக் கொல்லைப்புறம் வந்தான். அங்கே முருங்கை மரத்தடியில் உறைக்கிணறு இருந்தது. மோட்டார் போட்ட பிறகு யாரும் இறைப்பதில்லை. வட்டமான சிமெண்டு உறையின் மேல்விளிம்புக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கப்பி மாட்டும் கம்பம் மட்டும் துருவேறி நின்றது.

"ஐயா, இதுல எங்கயாவது ஒரு குறி போடுங்க. அப்பறம் ஏதாவது ஒரு நீளம் எடுங்க. குச்சி, கயிறு, உங்க இஷ்டம். மொதக் குறியிலேர்ந்து விளிம்போட அந்த நீளம் போயி ரெண்டாவது குறி. அங்கேர்ந்து அதே நீளம் போயி மூணாவது. இப்படியே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருங்க. எத்தனை சுத்துனாலும் சரி, எப்ப நிறுத்துனாலும் சரி. நிறுத்தினப்புறம் பக்கத்துப் பக்கத்துக் குறிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை எல்லாம் அளந்து பாருங்க. மூணு தினுசுக்கு மேல இருக்காது."

"நான் எந்த நீளம் எடுத்தாலும்?"

"எந்த நீளம் எடுத்தாலும்."

"ஏடாகூடமா ஒரு நீளம் எடுத்தா?"

"ஏடாகூடமா எடுத்தாத்தான் நல்லா இருக்கும்."

"கிட்டத்தட்ட மூணா?"

"இல்லீங்க ஐயா. இதுல கிட்டத்தட்ட கெடையாது. எல்லா நீளத்துக்கும், எல்லா வட்டத்துக்கும். எழுபது வருஷம் முன்னாடியே நிரூபிச்சுட்டாங்க. என் வேலை இதுலேர்ந்துதான் கெளம்புது. நாலாவது தினுசு ஒண்ணு வந்துச்சுன்னா நான் ஒண்ணாந்தேதி வரைக்கும்கூட இருக்க மாட்டேன், இன்னிக்கே பெட்டியைக் கட்டிடறேன்."

செல்வாம்பாள் முகவாயில் கைவைத்துக்கொண்டாள். "அந்த நாலாவது இன்னா தம்பி பாவம் பண்ணிச்சு?"

கலியபெருமாளுக்குப் பொறி தட்டியது. இதில் ஏதோ கைவேலை இருக்கிறது. மில்லில் மீட்டர் கணக்குப் போடுகிற கிளார்க்கு நாடாவை எப்படி இழுத்துப் பிடிப்பான் என்று பார்த்தவர் அவர். "நீ மேல போ" என்றார். "நான் கூப்பிடாம கீழ வரக்கூடாது. அளக்கறதும் நானு, குறி போடறதும் நானு, எத்தனை குறின்னுகூடச் சொல்ல மாட்டேன். நீ பக்கத்துல நின்னா ஏதாவது பண்ணிடுவ."

ழான்-லூக் மறுபேச்சில்லாமல் படியேறினான். செல்வாம்பாளையும் மார்க்கெட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் அவன் பக்கம் சாய்கிறவள்.

எந்த நீளம் எடுப்பது என்பதற்கு அவர் ரொம்ப யோசிக்கவில்லை. லுங்கிமேல் கட்டியிருந்த அகலப் பச்சை பெல்ட்டை உருவினார். இது எவன் கணக்கிலும் அடங்காது. விரல்கடையால் அளந்தால் ஐம்பத்தேழு விரல். கிணற்றின் விளிம்பைச் சுற்றி அளந்தால் நூற்றைம்பது விரல். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்து, கப்பிக் கம்பத்தடியில் முதல் கோட்டைக் கிழித்தார்.

"லாபம்" என்றார். அவர் அப்பன் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்றுதான் சொல்வான். இவருக்கும் வாய் அப்படியே பழகிவிட்டது. பெல்ட்டை விளிம்போடு பதித்து, வலப்புறமாக நகர்ந்து, "ரெண்டு." மறுபடி பதித்து, "மூணு." நாலாவது, முதல் சுற்றைத் தாண்டிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வந்து விழுந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் மதில்மேல் தலையை நீட்டினாள். "இன்னா அண்ணே, கெணத்தைச் சுத்தி வர்றீங்க. வேண்டுதலா?"

"ஆமா. மாடியைக் காலி பண்றதுக்கு."

"லுங்கி அவுந்துடப் போவுது, பாத்துச் சுத்துங்க" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கவும் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐந்து குறி போட்டதும் நிறுத்தி அளந்து பார்த்தார். இரண்டே தினுசு. ஆறு போட்டு அளந்தார். மூன்று. ஏழு போட்டு அளந்தார். பதினைந்து விரல், இருபத்தொன்று, முப்பத்தாறு. மூன்றேதான். பயல் சொன்னது நின்றுவிடும் போலிருந்தது.

ஏழாவது கோட்டிலிருந்து பெல்ட்டை வைத்தார். அதன் நுனி வந்து நின்ற இடத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டார். கரித்துண்டு எடுத்த கை அப்படியே நின்றது. எட்டு. குடிக்கிற தண்ணீருக்காகத் தோண்டின கிணறு, அதன் தலையில் எட்டைக் கிழிப்பதா? கட்டைவிரலை எடுக்காமலே பெல்ட்டை அந்த இடத்திலிருந்து அடுத்த வைப்பு வைத்தார். "ம்ம்" என்று தொண்டைக்குள் சொல்லிவிட்டு, "ஒம்போது" என்று கோடு கிழித்தார். இதில் அவருக்கு மனசு ஒன்றும் உறுத்தவில்லை. நீளம் ஒரு விரல் குறையவில்லை, ஒரு விரல் கூடவில்லை. எட்டு என்பது அவர் கணக்கில் எப்போதுமே கிடையாது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது கோடு கம்பத்துக்குப் பக்கத்திலேயே விழுந்திருந்தது. நடுவில் ஆறே விரல். அவர் மெதுவாக நிமிர்ந்தார். ஆறு, பதினைந்து, இருபத்தொன்று, முப்பத்தாறு. நாலு.

அவசரப்படக்கூடாது என்று பத்தும் போட்டார், பதினொன்றும் போட்டார். மறுபடி முழு வட்டத்தையும் அளந்தார். நாலுதான்.

செல்வாம்பாள் கூடையோடு உள்ளே வந்தபோது அவர் கிணற்றின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "எழுதிக்கோ" என்றார். அவள் ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கம்பத்தடியில் ஆரம்பித்து வலப்பக்கமாக ஒவ்வொரு இடைவெளியாக அவர் சொல்லச் சொல்ல, கறிகாய் வாங்கிய காகிதப் பையின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். ஆறு, பதினஞ்சு, இருபத்தொண்ணு, பதினஞ்சு, ஆறு, பதினஞ்சு, முப்பத்தாறு, ஆறு, பதினஞ்சு, பதினஞ்சு.

"கொண்டுபோய்க் குடு. பெட்டி கட்டக் கயிறு வேணுமான்னும் கேளு."

அவள் மேலே போனாள். கலியபெருமாள் மாடிப்படியின் கடைசிப் படியில், எவனும் இறங்க முடியாதபடி காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார்.

செல்வாம்பாள் இறங்கி வந்தபோது அவள் முகம் சரியில்லை. "அந்தப் புள்ளை மூஞ்சி செத்துப்போச்சுங்க. தாளைப் பாத்துட்டுத் தரையில உக்காந்துட்டான். கயிறு வேணுமான்னு நான் கேக்கல. நீங்களே போயிக் கேட்டுக்குங்க."

"தோத்தவன் மூஞ்சி அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆனாலும் வெற்றிலையை மெல்லும்போது சுண்ணாம்பு சற்றுக் காரமாக இருப்பதுபோல் பட்டது.

மேலே காலடி கேட்டது. ழான்-லூக் படியின் உச்சியில் வந்து நின்றான். கையில் அந்தக் காகிதப் பை, காதில் பென்சில்.

"ஐயா, பெல்ட்டு எத்தனை விரல்?"

"அம்பத்தேழு. சரிபாக்கப் போறியா? நல்லாப் பாரு."

உள்ளே போய்விட்டான். கலியபெருமாள் ஒரு வெற்றிலையை முடித்து அடுத்ததை மடித்தார். மறுபடி காலடி.

"ஐயா."

"இன்னா?"

"எட்டாவது குறி எங்க?"

மடித்த வெற்றிலை கையிலேயே நின்றது. செல்வாம்பாள் இவரைப் பார்த்தாள். இவர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"இன்னா எட்டாவது?"

"பதினோராவது வரைக்கும் போயிருக்கீங்க. குறி பத்துதான் இருக்கு. ஏழாவதைப் போட்டீங்க, ஒம்பதாவதைப் போட்டீங்க. நடுவுல ஒண்ணைக் காணோம். அந்த முப்பத்தாறு விரல் இடைவெளி இருக்கில்ல, அதுல இடது முனையிலேர்ந்து இருபத்தொரு விரல் தள்ளிப் பாருங்க. அங்க உங்க பெல்ட்டு வந்து நின்னிருக்கணும்."

கலியபெருமாள் எழுந்தார். முதலில் மனைவியைத்தான் பிடித்தார். "நீ சொன்னியா?"

"நான் மார்க்கெட்ல இருந்தேன். நீங்க எட்டை முழுங்கினது எனக்கு இப்பத்தான் தெரியும்."

உண்மைதான். அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாகவே அவருக்கு அது தோன்றவில்லை. அப்படியானால் பயல் மேலேயிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான். விடுவிடுவென்று படியேறி உள்ளே போனார். அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதுவும் தெருப்பக்கம். கொல்லைப்பக்கம் பார்த்த மாதிரி இருப்பது கக்கூஸில் ஒரு சின்ன வென்டிலேட்டர். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தார். முருங்கை இலை தெரிந்தது. இலைக்கு நடுவில் ஒரு காக்கை தெரிந்தது. கிணறு தெரியவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலும் முருங்கைதான் மறைக்கும்.

"பாத்து இறங்குங்க ஐயா, வாளி ஓட்டை" என்றான் ழான்-லூக் கதவோரம் நின்று.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

ழான்-லூக் பையைக் காட்டினான். செல்வாம்பாள் எழுதிய எண்களுக்குக் கீழே ஒரு வட்டம் போட்டிருந்தான். "மொதல்ல, எழுபது வருஷமா எல்லாரும் தப்பா சொல்லிட்டாங்களோன்னு ஒரு நிமிஷம் நெனைச்சுட்டேன். அப்பறம், தப்பு கணக்குல இல்லன்னா கெணத்துலதான்னு தோணுச்சு. சுத்தளவு நூத்தம்பது, நீங்க சொன்ன இடைவெளியெல்லாம் கூட்டினா வருது. பெல்ட்டு அம்பத்தேழு. ஒவ்வொரு வைப்பும் எங்க விழணும்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாம் அதது எடத்துல உக்காந்திருக்கு. எட்டு மட்டும் இல்ல." கொஞ்சம் தயங்கினான். "அதை ஏன் ஐயா விட்டீங்க?"

"கரி ஒடஞ்சு போச்சு" என்றார் கலியபெருமாள்.

மூன்று பேரும் கிணற்றடிக்கு வந்தார்கள். முப்பத்தாறு விரல் இடைவெளியின் இடது முனையிலிருந்து ழான்-லூக் அளக்கப் போனான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டுத் தன் விரலாலேயே அளந்தார். இருபத்தோராவது விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். வெள்ளைச் சுண்ணாம்பில் அவருடைய கட்டைவிரல் ரேகை, வெற்றிலைச் சிவப்போடும் கரியோடும் அங்கே தெளிவாக இருந்தது. வைப்பு வைக்கும்போது அழுத்திப் பிடித்தது.

அவர் முந்திக்கொண்டு அந்த ரேகையைத் துடைக்கப் போனார். செல்வாம்பாள் அதற்குள் கரித்துண்டை வாங்கி, அதன்மேலேயே நறுக்கென்று ஒரு கோடு கிழித்துவிட்டாள். "எட்டு" என்றாள். ஐம்பது வருஷத்தில் அந்த வீட்டில் அந்தச் சொல் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"இப்ப அளந்து பாருங்க ஐயா."

முப்பத்தாறு காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு இருபத்தொன்றும் ஒரு பதினைந்தும் இருந்தன. வட்டம் முழுக்க ஆறு, பதினைந்து, இருபத்தொன்று. வேறில்லை.

"ஆறையும் பதினஞ்சையும் கூட்டுங்க" என்றான் ழான்-லூக்.

"இருபத்தொண்ணு."

"மூணு தினுசு வந்தா, பெருசு எப்பவும் சின்னது ரெண்டும் சேர்ந்ததாத்தான் இருக்கும்."

கலியபெருமாளுக்குள் என்னவோ ஒன்று அசைந்தது. நல்ல புடவைத் துணி தறியிலிருந்து இறங்கும்போது, கரை கரையோடு சரியாக வந்து சேர்கிற சமயத்தில் அசையுமே, அந்த மாதிரி. உடனே அதைக் காறித் துப்புவதுபோல வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"என் கெணறு சின்னது" என்றார்.

"பெருசுலயும் அப்படித்தான் ஐயா."

"பெல்ட்டு பழசு. புதுசுல வேற மாதிரி வரும்."

"வராது ஐயா."

"ஏங்க" என்றாள் செல்வாம்பாள். "நர்ஸம்மா நாலு மணிக்கு வரும். இன்னா சொல்லப் போறீங்க?"

கலியபெருமாள் பெல்ட்டை லுங்கிமேல் சுற்றி இறுக்கினார். வழக்கமான துளையில் மாட்டாமல் ஒரு துளை தள்ளி மாட்டினார். "போனைப் போட்டு ஏப்ரல் ஒண்ணாந்தேதி வரச் சொல்லு. ஆஸ்டல்ல அதுவரைக்கும் எடம் இருக்குதுன்னு அதுவே சொல்லிச்சு." பிறகு ழான்-லூக் பக்கம் திரும்பினார். "நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சுக்காத தம்பி. இவ சாட்சியா நின்னா, சொன்ன சொல்லுக்காக உட்டேன். அதோட இப்ப நீ டேப்பைப் பிச்சன்னா பெயிண்ட்டும் கூடவே வந்துரும். ஒரு மாசம். அந்த ஓட்டையை அடைச்சுட்டுப் பெட்டியைக் கட்டு."

"மெர்சி ஐயா" என்றான் ழான்-லூக். இரண்டு படி ஏறியவன் நின்று திரும்பினான். "ஐயா, அந்த எட்டு. நெஜமாவே கரி ஒடஞ்சுதா?"

"மேல போ."

அவன் போய்விட்டான். சற்று நேரத்தில் மாடியில் அந்த வட்ட நடை ஆரம்பித்தது. செல்வாம்பாள் போனை எடுக்க உள்ளே போனாள். கலியபெருமாள் யாரும் பார்க்காத சமயம் பார்த்து எட்டாவது கோட்டைத் துண்டால் தேய்த்தார். பாதி போயிற்று, பாதி போகவில்லை. விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் 7-அ அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். நின்றார்.

அட.

பயல் ஐந்து மாதமாகத் தினமும் இந்தக் கதவைத்தானே தாண்டிப் போகிறான். இந்தப் பக்கத்து வீடு ஏழு, அந்தப் பக்கத்து வீடு ஒன்பது, நடுவில் 7-அ. எண்களையே பார்த்துக்கொண்டு படுத்துக்கிடக்கிறவனுக்கு இது கண்ணில் படாமலா இருக்கும்? கிழவனுக்கு எட்டு ஆகாது, கிணற்றிலும் எட்டைத்தான் விட்டிருப்பான் என்று இதை வைத்துப் பிடித்துவிட்டான். வட்டம், பெல்ட்டு, நூற்றைம்பது எல்லாம் மேல்பூச்சு. அந்த இருபத்தோரு விரலை எப்படிச் சொன்னான் என்ற கேள்வி ஒன்று பின்னாலிருந்து இடித்தது. அதைக் கண்டுகொள்ளவில்லை.

கன்னியம்மாள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. நாலடி உறை, இதைவிடப் பெரிசு. அங்கே எந்த ஆராய்ச்சியும் குடியிருக்கவில்லை. அந்தக் கிணற்றுக்கு அவர் நம்பர் போடமாட்டார், வாயைத் திறந்து எண்ணவும் மாட்டார், எட்டே அதில் வராது. அப்புறம் பார்க்கலாம் மூணு தினுசா நாலு தினுசா என்று. எல்லா வட்டத்துக்குமாம், எல்லா நீளத்துக்குமாம். இவன் எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தானா?

கரித்துண்டைப் பெல்ட்டுப் பைக்குள் போட்டு பித்தானை அமுக்கினார். "இருக்கும்யா, எங்கயாவது இருக்கும்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்து வாசலை நோக்கி நடந்தார்.